பால் அறையின் கடைசிக் கொக்கி

எங்கள் ஊரான ஹான்ஹிவாராவில் ஒரு பண்ணைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊராட்சி முதலில் அனுப்புவது டாக்டரை அல்ல, என்னை. மனிதன் படுத்துக்கொள்ளலாம், மாட்டின் மடி நிறைவது நிற்காது. அவர் எழுந்து வரும்வரை அவருடைய மாடுகளைக் கறந்து, சாணி தள்ளி, தீவனம் போட்டுவிட்டு வருகிற மாற்றாள் நான். பெயர் பென்ட்டி. ஊரில் எல்லா வீட்டுக் காப்பியும் குடித்தவன். எனக்கென்று ஒரு மாடு கிடையாது, மனைவியும் கிடையாது. எதையும் வைத்துக் காப்பாற்றும் சாமர்த்தியம் எனக்கில்லை என்று ஊர் வெகு சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது.

பண்ணைக்காரன் அர்வோவின் தொழுவத்துக்கு நான் போகத் தொடங்கியது அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே துண்டாகிப் போன வருஷத்தில். புல் அறுக்கும் இயந்திரத்தில் ஈரப்புல் அடைத்துக்கொண்டது. கையை விடக்கூடாது என்று தெரிந்த மனிதன், இறங்கிப் போய்க் காலால் உதைத்தான். டிராக்டரில் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி ஹில்க்கா. அடைப்பு எடுபட்டுவிட்டது என்று நினைத்துப் பிடியைத் தள்ளினாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் டிராக்டரில் ஏறவில்லை. அழவும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றும் அழவில்லை. அவனுடைய மொட்டைக்காலை ஒருமுறைகூடப் பார்க்கவும் இல்லை. அவன் துணிக்கட்டைப் பிரிக்க உட்கார்ந்தால் இவள் எழுந்து அடுப்புக்கு விறகு வைக்கப் போய்விடுவாள். அந்த வீட்டு அடுப்பு தின்ற அளவுக்கு விறகு தின்ற அடுப்பு மாவட்டத்திலேயே இருந்திருக்காது.

காலைக் கறவை முடிந்து நான் சமையலறைக்குள் நுழையும்போது அர்வோ மேசையருகே உட்கார்ந்து கட்டைக்காலை மாட்டிக்கொண்டிருப்பான். முதலில் ஹில்க்காவின் கைக்கண்ணாடியைத் தொடைக்கு அடியில் பிடித்து, தையல் வடு ஓடும் மொட்டைக்காலின் அடிப்பக்கத்தைப் பார்ப்பான். கட்டைவிரலால் அங்கங்கே அழுத்துவான். பிறகு மொட்டைக்காலுக்கு மெத்தையாகப் போடும் சிலிக்கான் உறையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, நுனியில் வைத்து, காற்றுக் குமிழி சிக்காமல் மேலே உருட்டிக்கொண்டு போவான். அதன்மேல் பாதமில்லாத தனிக் கம்பளிக் காலுறை. கால் வற்றியிருக்கும் நாளில் ரெண்டு. கடைசியில் எழுந்து நின்று கனத்தைக் கொடுத்தால் உறையின் நுனியிலிருக்கும் ஆணி கட்டைக்காலுக்குள் போய் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் ஹில்க்கா அடுப்பிலிருந்து திரும்புவாள். காப்பியை ஊற்றுவாள். எங்கள் ஊர் வழக்கப்படி சுட்ட பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டுக் கோப்பைக்குள் நழுவவிடுவாள்.

கட்டைக்கால் பாதத்துக்குக் குளிர் தெரியாது. ஆகவே அவனுடைய காலுறை ஜோடிகளில் ஒன்று எப்போதும் மிச்சம். அந்த மிச்சமெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. எனக்கு ரெண்டு காலும் இருக்கிறது, ஜோடிதான் இல்லை.

"பென்ட்டி, இன்னைக்கு ஒண்ணு பச்சை, ஒண்ணு சாம்பலா?" என்பான் அர்வோ.

"நீ ரெண்டும் ஒரே கலர்ல வாங்கித் தொலையேன்."

"உனக்கு எதுக்குய்யா பொருத்தம்? உன்னைப் பாக்கறது மாடுங்கதானே?"

சாயங்காலம் வேறு சடங்கு. கறவை முடிந்ததும் அர்வோ தொழுவத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கட்டைக்காலைக் கழற்றுவான். உறையை உருவி, பின்னால் நீட்டுவான். ஹில்க்கா அவனைப் பார்க்காமலே அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பால் அறைக்குள் போவாள். கறவை இயந்திரத்தின் காம்புக் குழாய்களைப் பிரித்து, அவற்றின் ரப்பர் உறைகளைக் கழுவும் அதே கொதிநீரில், அதே கிருமிக்கொல்லி மருந்தில், இந்த உறையையும் போட்டுத் தேய்ப்பாள். ரப்பர் என்ன, சிலிக்கான் என்ன, ரெண்டும் ஒரே சாதி என்பது அவள் கணக்கு. அலசி, காம்புக் குழாய்கள் தொங்கும் வரிசையில் கடைசிக் கொக்கியில் மாட்டுவாள்.

"ஆஸ்பத்திரில சோப்பு ஒண்ணு குடுத்தாங்க. மோந்து பாத்தேன், பூ வாசம். பூ வாசத்துக்கு எந்தக் கிருமி சாகும்?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். எங்கள் ஊரில் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். பால் லாரிக்காரன் திருப்பி அனுப்பாத பால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுத்தம் இருக்கிறது என்று நினைக்கிற ஊர்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அர்வோவின் மொட்டைக்காலில் புண். காய்ந்தால் திறக்கும், திறந்தால் சீழ் கட்டும். மடிக்களிம்பைத் தடவிப் பார்த்தான். எங்களுக்கு மடிக்களிம்பு எல்லாவற்றுக்கும் மருந்து: வெடித்த கை, குளிரில் உரிந்த மூக்கு, கிரீச்சிடும் கதவு. உறைக்குள் அது தோலை இன்னும் ஊறவைத்தது. மார்ச்சில் பகலில் பனி உருகி, இரவில் கண்ணாடியாக இறுகி, முற்றம் முழுக்க வழுக்கல். ஹில்க்கா விடிவதற்கு முன்பே வீட்டிலிருந்து தொழுவம்வரை அடுப்புச் சாம்பலைத் தூவி அவனுக்கு ஒரு பாதை போட்டு வைப்பாள். வெள்ளை முற்றத்தில் அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வருவான். என் வேலையை என்னிடம் விடுவதில்லை. "நீ கறக்கற லட்சணத்துக்கு மாடுங்க என்மேல வழக்குப் போடும்" என்பான்.

வட்டார நர்ஸ் இர்மெலி வந்த அன்று நான் ரை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். இர்மெலி காலின் துணிக்கட்டைத் தொட்டதுமே ஹில்க்கா வெளியே போய்விட்டாள். கொட்டகையில் கோடாரிச் சத்தம் கேட்டது.

"கண்ணாடில பாத்தியா இதை?" என்றாள் இர்மெலி.

"பாக்காம? தெனம் இது மூஞ்சியத்தானே பாக்கறேன். என் மூஞ்சிக்கு இது பரவால்ல."

"விளையாடாத அர்வோ. போன தடவை செவப்பா இருந்துச்சு. இப்ப தோலே இல்ல. ஓரத்தைப் பாரு, வெந்தாப்பல இருக்கு. உறையை எதை வெச்சுக் கழுவறே?"

அர்வோ என்னை ஒரு பார்வை பார்த்தான். மாடு உதைப்பதற்கு முன்னால் பார்க்கும் பார்வை.

"நீ குடுத்த சோப்புதான்."

"வேற எதுவும் போடலயே?"

"வேற என்னத்தப் போட?"

நான் ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டேன். வாயில் ரொட்டி இருக்கும்போது ஒரு மனிதனைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இர்மெலி கையுறையைக் கழற்றிவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "கேட்டுக்கோ. இது ஆறுற வரைக்கும் கட்டைக்காலை மாட்டாத. ஊன்றுகோல்ல நட. தொழுவத்துக்குப் போகாத. இந்த மடையன் கறக்கட்டும்." மடையன் நான். "எலும்புக்குள்ள போயிடுச்சுன்னா அடுத்து முட்டிக்கு மேலதான் வெட்டுவாங்க. புரியுதா?"

"புரியுது."

அவனுக்குப் புரிவதற்கு இர்மெலி தேவையில்லை. எங்கள் பக்கத்துத் தொழுவங்களில் மாடுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்க் குந்தி உட்கார்ந்துதான் குழாயை மாட்டவேண்டும். முட்டி இருந்தால் கட்டைக்காலோடும் குந்தலாம். அவன் அதைப் பழகியிருந்தான், ஒரு கையால் மாட்டின் இடுப்பெலும்பைப் பிடித்துக்கொண்டு. முட்டி போனவன் தொழுவ வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம். பிறகு மாடுகளும் போகும். பிறகு வேடிக்கை பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

இர்மெலியின் கார் திருப்பத்தில் மறைந்தது. 'டக்' என்று சத்தம் கேட்டது. ஹில்க்கா விறகுக் கட்டோடு உள்ளே வந்தாள்.

"என்ன சொன்னா?"

"காப்பி நல்லா இருக்குன்னா," என்றான் அர்வோ.

சனிக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக்கு என்னையும் கூப்பிட்டான். அந்தக் காலோடு அவன் சவுனாவுக்குள் போகவே கூடாது. சூட்டில் வீங்கும், மறுநாள் கட்டைக்காலுக்குள் போகாது. ஆனால் சனிக்கிழமை சவுனாவுக்குப் போகாதவனை எங்கள் ஊரில் செத்தவன் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து, காலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்ந்த நீர் வாளியின் விளிம்பில் தூக்கி வைத்திருந்தான். நான் மேல்படியில். உடுப்பு இருக்கும்போது எங்கள் ஆண்கள் வானிலையைத் தவிர எதையும் பேசுவதில்லை. மற்றதெல்லாம் அம்மணமாகத்தான்.

"சோப்புன்னு ஏன் சொன்ன?" என்றேன்.

அவன் ஒரு அகப்பைத் தண்ணீரை அடுப்பின் பழுத்த கற்கள்மேல் வீசினான். ஆவி சீறிக்கொண்டு எழுந்து என் காதைப் பிடித்துத் திருகியது.

"எந்த சோப்பு?"

"கடைசிக் கொக்கில தொங்கறதை அவ எதுல முக்கி எடுக்கறான்னு எனக்குத் தெரியும் அர்வோ. அந்த டப்பாமேலயே கையைப் படம் போட்டு குறுக்கக் கோடு போட்டிருக்கான். அவ முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டுக்கிட்டுத்தான் கழுவறா. நீ அதைத் தோல்ல மாட்டிக்கிட்டு பகல் பூரா நடக்கற."

அவன் காலைச் சுற்றியிருந்த பையை இறுக்கிக்கொண்டான். பிறகு, "கிறிஸ்மஸுக்கு அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள்ல?" என்றான். "அப்ப நான் வெறுந்தண்ணில அலசினேன். புண்ணு காய ஆரம்பிச்சுது. அவ வந்தா. மறுபடி தெறந்துக்கிச்சு."

"அப்பலேந்தே தெரியுமா உனக்கு?"

"நான் என்ன மாடா?"

"மாடுன்னா முன்னாடியே உதைச்சிருக்கும். அவ மாட்டிட்டுப் போனதுக்கப்புறம் நீ ஒருதடவை அலசித் தொலைச்சா என்ன?"

"அலசாமலா இருப்பேன்? உள்பக்கம் வெந்து சொரசொரன்னு ஆயிடுச்சு, பழைய காம்பு ரப்பர் மாதிரி. புதுசுதான் வேணும். கட்டைக்கால் செய்யற பட்டறைல பழசைக் கொண்டாம்பான், எப்படி இப்படி ஆச்சும்பான். காரோட்டிட்டு வந்து பக்கத்து நாற்காலில உக்காந்திருக்கறது அவ. சரி, புதுசே வருதுன்னு வை. அதை யாரு கழுவுவா?"

"சொல்லிடு அவகிட்ட."

"என்னன்னு?" அவன் திரும்பிப் பார்த்தான். "நீ கழுவற கையாலதான் இது அழுகுதுன்னா? முதல் தடவை அவ கையால போச்சுன்னு ஏற்கெனவே செத்துக்கிட்டிருக்கா. ரெண்டாந்தடவையும் உன் கைதான்னு போய்ச் சொல்லணுமா நான்?"

"தப்பு உன்னோடது. காலை எவன் உள்ள விடச் சொன்னான்?"

"நூறு தடவை சொல்லிட்டேன். அது அவ காதுல ஏறணுமே." அவன் அகப்பையை மடியில் வைத்துக்கொண்டான். "அவ என்னைத் தொட்டு வருஷமாச்சு பென்ட்டி. பாக்கவே முடியல, எங்க தொடறது? ஆனா சாயங்காலம் உறையை நீட்டறேன்ல, அப்ப ரெண்டு கையாலயும் வாங்குவா. என் சூடு அதுல இருக்கும். சட்டைக்குள்ள கோழிக்குஞ்சை வெச்சுக்கற மாதிரி நெஞ்சோட வெச்சு எடுத்துட்டுப் போவா. நான் கதவிடுக்குல பாப்பேன். அதைத் தேய்ப்பா பாரு... அவ்வளவு பதவிசா. எனக்குன்னு அவளால முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கச் சொல்றியா?"

"ஒரு பொம்பள அழுதுடுவாளேன்னு முட்டியக் குடுக்கறியாடா?"

"அழுதுட்டா பரவால்லையே! அழுதான்னா இந்தக் காலையும் சேத்துக் குடுப்பேன்." நல்ல காலைத் தட்டிக் காட்டினான். "அழமாட்டேங்கறாளே."

கல்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டியது என் முறை. ஊற்றினேன்.

"வாயத் தெறந்த, கொன்னுடுவேன்," என்றான்.

"ஒத்தக் கால்ல துரத்திப் பிடிச்சுடுவியாக்கும்?"

சிரித்தான். அவன் முகத்தில் வழிந்தது வியர்வைதானா என்று நான் பார்க்கவில்லை. சவுனாவில் அந்த ஒரு வசதி உண்டு.

அடுத்த வாரத்தில் ஒருநாள் விடிகாலையில், சாம்பல் பாதை போட்டிருந்தது. அதன்மேல் நடக்க ஆள் வரவில்லை. சமையலறையில் கைக்கண்ணாடி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. ஹில்க்கா வாசலில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல். ரெண்டு போர்வை போத்தியும் பல்லு அடிக்குது. இர்மெலிக்குப் போன் பண்ணேன், ஆம்புலன்ஸ் அனுப்பறாளாம். ரோடு பூரா ஐஸு, மெதுவாத்தான் வரும்னா. அதுக்குள்ள கறந்துடலாம் வா."

நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அர்வோ கண்ணை மூடியிருந்தான். போர்வையைத் தூக்கினேன். முட்டியைத் தாண்டித் தொடையின் உட்பக்கம் ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. மெல்லிய கோடு, யாரோ பேனாவால் இழுத்த மாதிரி. அவன் கண்ணைத் திறக்காமலே, "மூடு" என்றான். "அவ பாக்கப் போறா."

"அவ பாக்கமாட்டா," என்றேன். ஜோக்காகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ரெண்டு பேருமே சிரிக்கவில்லை.

கறந்தோம். மாடுகளுக்குக் காய்ச்சலும் தெரியாது ஆம்புலன்ஸும் தெரியாது. கன்று போடும் நாள் நெருங்கிய ஒமேனா என்ற பசு மட்டும் அர்வோ வரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் குந்தும் ஒவ்வொரு முறையும் என் முட்டி மடங்குவது எனக்கே கேட்டது. இத்தனை வருஷத்தில் அதைக் கவனித்ததே இல்லை.

பால் அறைக்குப் போனபோது ஹில்க்கா தொட்டியில் கொதிநீர் பிடித்து, டப்பாவிலிருந்து மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட அதிகமாக. மூக்கில் ஏறியது. முழங்கைவரை கையுறை. மேசைமேல் அந்த உறை.

"நேத்து சாயங்காலம் அவன் குடுக்கவே இல்ல," என்றாள். "ராத்திரி பூரா அதோடயே படுத்திருந்திருக்கான். காலைல நான் சுவத்தைப் பாத்துட்டு நின்னு, அவனையே உருவச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். சீழு, ரத்தம், எல்லாம். இதை இப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா என்ன நினைப்பாங்க? நல்லா ரெண்டு தடவை கழுவிக் குடுத்தனுப்பணும். சுத்தமா இருந்தா ஆறிடும்ல பென்ட்டி? சுத்தமா இருந்தா எதுவுமே ஆறிடும்ல?"

அவள் உறையை எடுத்தாள். நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அர்வோ சொன்னது பொய் இல்லை.

எனக்கு வாய் உண்டு. ஊரில் கல்யாணம், கருமாதி, பன்றி அடிப்பு, எதற்குப் போனாலும் எனக்கு வாய் உண்டு. அன்றைக்கு அது எங்கே போனது என்று தெரியவில்லை. "ஹில்க்கா" என்றேன். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் தொட்டிப் பக்கம் குனிந்தாள். வேறு வழி தோன்றாமல் நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, வெறுங்கையை மணிக்கட்டுக்கு மேலே முங்கும்படி தொட்டிக்குள் விட்டேன். இதைத் தைரியம் என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். விட்டதுமே வாய் திரும்பி வந்துவிட்டது; கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது.

"எடுடா கையை!" ஹில்க்கா கத்தினாள். "பைத்தியமா உனக்கு? தோலு உரிஞ்சுடும்! எடுடாங்கறேன்! மருந்துடா அது, வெந்துபோயிடும் கை—"

என் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் நீட்டினாள். பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். என் விரல்கள் வேகவைத்த நண்டின் நிறத்தில் இருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஓடியது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, இன்னொரு கையில் நெஞ்சோடு பிடித்திருந்ததைப் பார்த்தாள்.

குழாயை மூடவில்லை. ஒரு கையுறையைக் கழற்றினாள். பிறகு மற்றதை. உறையின் உள்ளே வெறுங்கையை விட்டு, அடிவரை தடவிப் பார்த்தாள். பழைய காம்பு ரப்பரைத் தடவிப் பார்த்து 'இது ஆச்சு, மாத்தணும்' என்று சொல்கிற கை அது. அதற்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

நான் எட்டிக் குழாயை மூடினேன். தெரியும் என்று சொன்ன மாதிரிதான்.

"எப்பலேந்து?"

"கிறிஸ்மஸ்."

அவள் வீட்டுக்கு ஓடவில்லை. நடந்தாள், பூட்ஸோடு, சாம்பல் பாதையில். நான் ஈரக் கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன். வீட்டுக்குள் பூட்ஸோடு நுழைந்த ஹில்க்காவை அன்றுதான் பார்த்தேன். படுக்கையறை வாசலில் நின்றாள்.

"காட்டு," என்றாள்.

அர்வோ என்னைப் பார்த்தான். கொல்கிற பார்வைதான், ஆனால் அதற்குத் தெம்பு இல்லை. "வேணாம் ஹில்க்கா. போய் அடுப்பைப் பாரு."

"அடுப்பு எரியுது. காட்டு."

"நல்லா இல்ல அது."

"உன் மூஞ்சி மட்டும் என்ன வாழுதாம்? அதோட இருபது வருஷம் இருந்துட்டேன்ல? காட்டுடா."

அவளே போர்வையைத் தூக்கினாள். துணிக்கட்டைப் பிரித்தாள். நான் வாசலில் நின்றேன். போகவும் முடியவில்லை, அடுப்புக்கு விறகு வைக்கலாமா என்று தோன்றியது. அவள் பார்த்தாள். தையல் வடுவை, தோல் போன இடத்தை, தொடையில் ஏறும் கோட்டை. எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தாள். பிறகு வெதுவெதுப்பான நீர் கொண்டுவரச் சொன்னாள். அந்தப் பூ வாசச் சோப்பையும். அது அலமாரியின் பின்னால் பிரிக்காமலே இருந்தது. வெறுங்கையால் புண்ணைச் சுற்றிக் கழுவினாள். பதவிசாகத்தான். அர்வோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கியது, காய்ச்சலில் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஹில்க்கா உறையைக் கழுவாமலே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டாள். "கேப்பாங்கள்ல? நான்தான் கழுவினேன்னு நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் புளுக வேணாம்," என்று அவனிடம் சொன்னாள். வண்டிக்குள் ஏறி, அவனுடைய மொட்டைக்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அன்று முழுக்கக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. சாணி தள்ளினேன், தீவனம் போட்டேன். மதியத்துக்கு அவர்கள் வீட்டு உருளைக்கிழங்கையும் உப்புமீனையும் தனியாக உட்கார்ந்து தின்றேன். உப்பு தெரியவில்லை. விரல் நுனிகளில் தோல் சுருண்டு எழும்பியிருந்தது. மடிக்களிம்பை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

சாயங்காலக் கறவையின் நடுவில் கைப்பேசி அடித்தது. ஹில்க்கா.

"ஒமேனா கன்னு போட்டுச்சா?"

"இன்னும் இல்ல."

"பின்னாடி பாத்துக்கிட்டே இரு. போன தடவை கால் மடங்கி வந்துச்சு."

"பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஏதோ சக்கரம் உருளும் சத்தம்.

"கீறி விட்டிருக்காங்க. ஊசி ஏறுது. முட்டி இருக்கு," என்றாள். "இன்னைக்கு இருக்கு. நாளைக்குக் காலைல கோடு எங்க நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம்."

"சரி."

"சாம்பல் போட்டுடு நாளைக்கு. நீ வழுக்கி விழுந்து தொலைக்காத."

"சரி ஹில்க்கா."

பிறகு ஒரு சத்தம் வந்தது. கறக்கும்போது காம்பிலிருந்து குழாய் நழுவிவிட்டால் இயந்திரம் வெறுங்காற்றை இழுத்து அலறும், தொழுவமே அதிரும்படி. முதலில் என் பக்கத்தில்தான் ஏதோ நழுவிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். இல்லை. கைப்பேசியிலிருந்துதான் வந்தது. நிற்கவில்லை. அதற்குப் பின்னால், தூரத்தில், தொண்டை வறண்ட அர்வோவின் குரல்:

"பென்ட்டி, வெச்சுடாத. அழறா. கேக்குதா? அழறாடா."

"கேக்குது," என்றேன்.

ஒமேனா காலை மாற்றி மாற்றி வைத்தது. பால் வடிந்து தீர்ந்த மாடுகள் குழாயை எடுக்கச் சொல்லிக் கத்தத் தொடங்கின. கத்தட்டும் என்று, உரிந்த கையால் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பால் அறையின் திறந்த கதவு வழியே கடைசிக் கொக்கி காலியாகத் தெரிந்தது. எனக்குச் சர்ச் பழக்கம் கிடையாது. இருந்தாலும் அவள் அழுதால் தருவதாகச் சவுனாவில் அவன் நல்ல காலைத் தட்டிக் காட்டிப் பேசிய விலையை மேலே யாராவது கேட்டிருந்தால், அது ஆவியோடு போன பேச்சு, கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று இரண்டு நிறக் காலுறையில் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தேன்.